சவரன் கணக்கில் ஒரு பி.இ.

தமிழ்நாட்டில் எதன் விலையையும் சவரனில் சொன்னால்தான் வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிபடும். மனைக்கட்டு, மாப்பிள்ளை, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றையும் அந்தத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டோம். கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ.யை மட்டும் இன்னும் வைக்கவில்லை. வைத்துப் பார்க்கலாம்.

2010இல் பெரிய ஐ.டி. கம்பெனி ஒன்றில் சேர்ந்த புதுப் பட்டதாரிக்கு வருடச் சம்பளம் மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். அன்றைக்குச் சவரன் 14,000 ரூபாயை ஒட்டி இருந்தது. ஆக, 22 அல்லது 23 சவரன். 2025 ஏப்ரலில் சவரன் 70,000 ரூபாயைத் தாண்டியது. அதே மாதிரி கம்பெனி, அதே மாதிரி வேலை. சம்பளம் மூன்றரை லட்சத்தைச் சுற்றி. ஐந்து சவரன். மிச்சம் எங்கே போனது என்று தேடினால் ஒரு துப்பு கிடைக்கும். இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக் 2024–25 நிதியாண்டில் பெற்றது 80 கோடி ரூபாய்க்கு மேல். அதையும் அதே தராசில் ஏற்றினால் பதினோராயிரம் சவரனைத் தாண்டுகிறது. ஏறக்குறைய 90 கிலோ தங்கம். அதில் பெரும்பகுதி பங்குகளாக வந்தது என்று விளக்கம் சொல்வார்கள். நம் பிள்ளையின் ஐந்து சவரனில் பெரும்பகுதி பி.ஜி. ஹாஸ்டல் வாடகையாகப் போனது; அதற்கு யாரும் விளக்கம் சொல்வதில்லை.

ப்ளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கலாமா, போட்ட காசு திரும்புமா? கேள்வியில் தப்பே இல்லை. பதில் சொல்ல வருகிறவர்களில் ஒருவர் விடாமல் ஏதாவது விற்க வந்தவராக இருப்பதுதான் கோளாறு.

முதலில் வருபவர் கல்வித் தந்தை. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. அதுவரை வேறு வேறு தொழில்களில் கைதேர்ந்திருந்த பலர் ஒரே இரவில் கல்விக்குத் தந்தை ஆனார்கள். தனக்கு ஒரு தந்தை இருக்கிறார் என்று அதற்குமுன் கல்விக்கே தெரியாது. அரசு நியமித்த கட்டணக் குழு இவர்களுக்கு ஒரு வரம்பு வைத்தது: கவுன்சிலிங்கில் வருகிற மாணவருக்கு அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவில் வருடம் 55,000 ரூபாய், மேனேஜ்மென்ட் கோட்டாவில் 87,000. நன்கொடை வாங்குவதைத் தடை செய்து 1992லேயே சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் மீது நம் கல்லூரிகளுக்கு உள்ள மரியாதை அளவிட முடியாதது; அதனால்தான் வாங்கும் நன்கொடைக்கு ரசீது தருவதில்லை. கட்டட நிதி என்பார்கள். தெரிந்தவர் மூலம் வந்தால் கொஞ்சம் குறைப்பார்கள். பணத்தைக் கட்டுக்கட்டாக மஞ்சள் பையில் கொண்டு வரச் சொல்வார்கள். அந்தக் கல்லூரியின் ஃப்ளெக்ஸ் போர்டில் மட்டும் எல்லாமே டிஜிட்டல்.

பாடப்பிரிவுப் பட்டியலைப் பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ், அடைப்புக்குறிக்குள் ஏ.ஐ. அண்ட் எம்.எல். ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ். சைபர் செக்யூரிட்டி. ஐ.ஓ.டி. கொஞ்சம் பிளாக்செயின் தூவியது. ஒரே மாவில் வார்த்த இவை அத்தனைக்கும் தனித்தனி இடங்கள், தனித்தனி வசூல். ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்றிருந்த உச்ச வரம்பையும், நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு என்று சொல்லி, 2024–25 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தை 2018லேயே 20க்கு ஒருவர் என்று தளர்த்தியிருந்தார்கள். இடம் கூடியது, ஆள் குறைந்தது. ஏ.ஐ. பிரிவைத் தொடங்க ஒரு போர்டு எழுதுகிறவர் போதும், ஏ.ஐ. சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும் என்பது பிற்பாடு, அநேகமாக மூன்றாம் வருடத்தில், ஞாபகம் வரும்.

ஆள் என்றதும் அந்தப் பெரிய சாதனையைச் சொல்லாமல் நகர முடியாது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 கல்லூரிகளில் 353 பேர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகப் பதிவாகியிருக்கிறார்கள் என்றது. பல்கலைக்கழகமும் பார்த்தது. ஏறத்தாழ 2,000 பணியிடங்களில் 189 பேர்தான் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று துணைவேந்தரே சொன்னார். தலைக்குப் பத்துக் கல்லூரி. காலையில் திருவள்ளூர், மதியம் நாமக்கல், மாலையில் கன்னியாகுமரி என்று காற்றில் பறக்கும் இந்தச் சித்தர்களை நாம் சரியாகக் கௌரவிக்கவில்லை. ஒரே சிஸ்டம் பல இடத்தில் ஓடுவதைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம் என்பார்கள். பாடத்தை வகுப்பில் நடத்தவில்லை, வாழ்ந்து காட்டினார்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் குழுக்கள் வருடா வருடம் வந்தன. ஃபைலைப் பார்த்தன, சாப்பிட்டன, கையெழுத்துப் போட்டன. ஓர் ஆசிரியரின் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டித் தேடினால் இன்னொரு கல்லூரியிலும் அதே பெயர், அதே பிறந்த தேதி வருகிறதா என்று பார்ப்பது முதல் செமஸ்டர் மாணவனுக்குக் கொடுக்கிற பயிற்சி. டூப்ளிகேட் ரெக்கார்டு கண்டுபிடிப்பது. தமிழ்நாடு முழுவதற்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் தருகிற அமைப்பு, அந்தப் பயிற்சியை ஒரு தன்னார்வ இயக்கம் செய்து காட்டும்வரை காத்திருந்தது. இந்தப் படிப்பு போட்ட காசு பெறுமா என்று கேட்கிற தகப்பனுக்கு இதைவிட நேர்மையான கையேடு கிடைக்காது.

இனி உள்ளே போய்ப் பாருங்கள். முதல் வருடம் இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரி. கம்ப்யூட்டர் படிக்க வந்த பிள்ளை லேபில் ஈ.டி.டி.ஏ. ஊற்றித் தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கிறது. இதைப் பழிக்கமாட்டேன்; பின்னாளில் ஓ.எம்.ஆரில் பி.ஜி. ஹாஸ்டல் போர் தண்ணீரில் குளிக்கும்போது அந்தப் பிள்ளைக்குப் பயன்படுகிற ஒரே பாடம் அதுதான். ப்ரோகிராமிங் லேபில் நீலத் திரை. 1990களின் தொடக்கத்தில் வந்த டர்போ சி++. உலகம் அதைப் புதைத்துக் கருமாதி முடித்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் பல கல்லூரிகளில் அதற்குத் தினப் பூஜை நடந்துகொண்டிருந்தது. ப்ரோகிராமை எழுதி ஓட்டிப் பார்க்கும் நேரத்தைவிட, அதை ரெக்கார்டு நோட்டில் இடது பக்கம் பென்சிலிலும் வலது பக்கம் பேனாவிலும் எழுதிக் கையெழுத்து வாங்கும் நேரம் அதிகம். கோடு போடாத ரெக்கார்டுக்கு மார்க் இல்லை. கோட் ஓடாத ப்ரோகிராமுக்கு மார்க் உண்டு, எக்ஸ்டர்னல் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வரும் நேரமாக இருந்தால்.

ஒழுக்கம் வேறு. தாடி வைத்தால் ஃபைன், ஐ.டி. கார்டு மறந்தால் ஃபைன், மாணவியோடு பேசினால் அப்பாவுக்குப் போன். பஸ்ஸில் இடது பக்கம் இவர்கள், வலது பக்கம் அவர்கள். கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் படிக்கிற பிள்ளை பக்கத்து பெஞ்சோடு தொடர்பு கொள்வது அந்த வளாகத்தில் குற்றம். போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஆண்ட்ராய்டு ஆப் எழுதச் சொல்லும் வித்தையை வேறெந்த நாட்டிலும் பார்க்க முடியாது.

நாலாம் வருடம் புராஜெக்ட். நான்கு வருடம் கற்றதை எல்லாம் திரட்டி ஒன்றைக் கட்டிக் காட்டும் இடம் இது. ஆகவே அதைக் கடையில் வாங்குகிறார்கள். எந்தப் பெரிய ஊருக்குப் போனாலும் புராஜெக்ட் சென்டர் இருக்கும். தலைப்பு, கோட், அறிக்கை, பவர்பாயின்ட், வைவாவில் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் வரை ஒரே பொட்டலம். பெயரை மாற்றி அடுத்த வருடம் அடுத்த குழுவுக்கு. கைடுக்குத் தெரியும், துறைத் தலைவருக்குத் தெரியும், பைண்டிங் போடுகிற கடைக்காரருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். வேண்டுமானால் அவரை எக்ஸ்டர்னலாகப் போடலாம். எது போன வருடத்து அறிக்கை என்று அட்டையைத் தொட்டே சொல்லிவிடுவார்.

இதெல்லாம் முடிந்தால் ப்ளேஸ்மென்ட். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மாணவி சிரிக்கிறாள், பக்கத்தில் பல லட்சம் பேக்கேஜ். அவள் கெட்டிக்காரி, ராத்திரி எல்லாம் கண் விழித்துத் தானாகக் கற்றுக்கொண்டவள். கல்லூரி அவளுக்குச் செய்த உதவி, போட்டோ எடுத்தது. அவளோடு படித்த மற்றவர்கள் எங்கே என்று அந்தப் போர்டு சொல்லாது. ஐந்து கம்பெனியில் ஆஃபர் வாங்கிய ஒரே பையனை ஐந்து ப்ளேஸ்மென்ட் என்று எண்ணுகிற வழக்கமும் உண்டு. ஆசிரியர் ஒருவர் பத்துப் பேராகிறார், மாணவன் ஒருவன் ஐந்து பேராகிறான். இவர்களுக்குக் கழித்தல் தெரிந்த ஒரே இடம் ஆசிரியரின் சம்பளம்.

கம்பெனிக்காரர் அடுத்து வருகிறார். இவரிடம் எனக்கு ஒரு பழைய சந்தேகம் உண்டு. பெரிய சர்வீஸ் கம்பெனிகள் பல வருடங்களாகக் கேம்பஸுக்கு வந்து சிவில், மெக்கானிக்கல், ஈ.சி.இ., ட்ரிபிள் ஈ என்று எந்தப் பிரிவானாலும் அள்ளிக்கொண்டு போனார்கள். மைசூரிலோ சிறுசேரியிலோ உட்கார வைத்துச் சில மாதம் ஜாவா சொல்லிக்கொடுத்து வேலையில் இறக்கினார்கள். பாலம் கட்டப் படித்தவனும் பாயிலர் படித்தவனும் சில மாதத்தில் செய்யக் கற்றுக்கொண்ட வேலைக்கு, நான்கு வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன் எதற்கு? பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்களை இன்னும் மலிவாக எடுக்கிறார்கள். 2024இல் காக்னிசன்ட் அவர்களுக்கு வருடம் 2.52 லட்சம் என்று அறிவித்ததும் ஊர் சிரித்தது. எச்.சி.எல். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளையே எடுத்துப் பழக்குகிறது. எந்தப் படிப்பும் போதும் என்கிறவர்கள் விண்ணப்பப் பக்கத்தில் மட்டும் பத்தாம் வகுப்பில் 60 சதவீதம், பன்னிரண்டில் 60, டிகிரியில் 60, நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்று வேலி போடுகிறார்கள். திறமைதான் முக்கியம் என்று மேடையில் பேசிவிட்டு இறங்கும் எச்.ஆர். அதிகாரி, 59.8 வாங்கியவனின் விண்ணப்பத்தை மனிதக் கண் பார்ப்பதற்கு முன்பே மிஷினை விட்டுக் கிழிக்கிறார்.

உள்ளே போனவர்கள் பாடும் எளிதல்ல. 2022இல் இன்ஃபோசிஸ் ஆஃபர் கொடுத்த சிலரை இரண்டு வருடத்துக்கு மேல் காக்க வைத்து 2024 அக்டோபரில் சேர்த்தது. 2025 பிப்ரவரியில், உள் தேர்வில் தேறவில்லை என்று மைசூர் வளாகத்திலிருந்து 300க்கு மேற்பட்ட பயிற்சியாளர்களை வெளியே அனுப்பியது. அந்த ஆஃபர் லெட்டரைக் காட்டி எத்தனை வீட்டில் கடனை அடைத்துவிடுவோம் என்று சொல்லியிருப்பார்கள், எத்தனை பேர் வேறு வேலைக்குப் போகாமல் இருந்திருப்பார்கள். அதே ஆண்டு ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதத்தை, ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. இவற்றுக்கு முன்பு, 2023இல், இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று நாராயண மூர்த்தி நாட்டுக்கு அறிவுரை வழங்கியிருந்தார். வாரம் 70 மணி நேரம் உழைக்கத் தயார், ஐயா. சேரும் தேதியைச் சொல்ல உங்கள் கம்பெனிக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்?

கடனைப் பற்றி நையாண்டி செய்ய எனக்கு மனம் வரவில்லை. வங்கிகள் கல்விக்கடனை வாராக்கடன் என்று கணக்கெழுதித் தனியார் வசூல் நிறுவனத்துக்குத் தள்ளிவிட்ட காலம் ஒன்று இருந்தது. 2016இல் மதுரையில் பொறியியல் பட்டதாரி ஒருவர், வேலை கிடைக்காத நிலையில் வந்த வசூல் நெருக்கடியில், உயிரை விட்டார். கோடிக்கணக்கில் ஏப்பம் விட்டவர்கள் விமானம் ஏறி நாடு மாறினார்கள். கல்விக்கடன் வாங்கிய பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கக்கூடப் பணம் இல்லை.

கடைசியாக வருபவர்தான் இந்தக் காலத்து ஞானி. போனைத் திறந்தால் வந்து நிற்பார். பின்னால் நீல விளக்கு, முன்னால் பெரிய மைக். “ப்ரோ, டிகிரி வேஸ்ட் ப்ரோ. ஸ்கில்தான் ப்ரோ முக்கியம்.” அடுத்த மூச்சில் அவருடைய மூன்று மாத ஃபுல் ஸ்டாக் கோர்ஸின் விலை. ப்ளேஸ்மென்ட் உதவி உண்டு, இ.எம்.ஐ. உண்டு, இன்று இரவு 12 மணி வரை பாதி விலை. நாளை இரவும் 12 மணி வரை பாதி விலைதான். டிகிரியால் பயனில்லை என்று சொல்கிற இவர் தன் பெயருக்குக் கீழே முதல் வரியில் என்ன போட்டிருக்கிறார் என்று கீழே தள்ளிப் பாருங்கள். என்.ஐ.டி. அல்லது ஐ.ஐ.டி. அல்லது அமெரிக்காவில் எம்.எஸ். ஏணியில் ஏறி மாடிக்குப் போனவர், அங்கிருந்து எட்டிப் பார்த்து, படிக்கட்டு தேவையில்லை, குதித்து வா என்கிறார். குதிக்கப் பழக்குவதற்குக் கட்டணம் தனி.

பில் கேட்ஸ் படிப்பை விட்டார், மார்க் ஸக்கர்பெர்க் விட்டார் என்பது இவர்களுடைய மூல மந்திரம். விட்டது ஹார்வர்டை. ஹார்வர்டை விடுவதற்கு முதலில் ஹார்வர்டில் இடம் கிடைக்க வேண்டும். கேட்ஸ் படித்த தனியார் பள்ளியில் 1968லேயே கம்ப்யூட்டர் டெர்மினல் இருந்தது. அப்பா சியாட்டிலில் பெயர்பெற்ற வக்கீல். இங்கே கிராமத்து வீடுகளில் பலவற்றுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது 2011க்குப் பிறகு, அரசு கொடுத்த இலவச லேப்டாப்பாக. கேட்ஸ் கல்லூரியை விட்டபோது திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. நம் பிள்ளை விட்டால் திரும்பிப் போவதற்கு இருப்பது திருப்பூர்.

நம் ஊரிலேயே ஜோஹோ இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதை மதிக்கிறேன். டிகிரி இல்லாத பிள்ளைகளை எடுத்து, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்து, இருபது வருடமாக வேலை கற்றுத்தருகிறார்கள். பேசுவதோடு நிற்காமல் செய்து காட்டியவர்கள் அவர்கள். ஆனால் எடுப்பது கொஞ்சம் பேர். அதைத் தொடங்கிய ஸ்ரீதர் வேம்பு படித்தது ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் பிரின்ஸ்டனிலும். மற்ற கம்பெனி முதலாளிகள் அவருடைய பேச்சை மட்டும் கடன் வாங்கி மேடையில் முழங்குகிறார்கள். ஆளெடுக்கும் முறையைக் கடன் வாங்குவதில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. 1997இல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது; சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளை கட் ஆஃபை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கிண்டிக்குப் போய்த் தனக்கான இடத்தைத் தானே தேர்ந்தெடுத்தது. 2007இல் நுழைவுத் தேர்வு போனது. கோச்சிங் சென்டர் இல்லாத ஊருக்கும் வழி பிறந்தது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் வந்தது. கோர்ட்டில் வழக்கு, பத்திரிகையில் தரம் போச்சு என்று புலம்பல், இவற்றைத் தாண்டித்தான் கூலித் தொழிலாளியின் மகளும் நூல்மில் வாட்ச்மேன் மகனும் இந்தப் பட்டத்துக்குப் பக்கத்தில் வந்தார்கள். சோழிங்கநல்லூர் சிக்னலில் கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேருடைய பாட்டி கைநாட்டு. அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் டிகிரிக்கு மதிப்பில்லை என்ற ஞானம் நாட்டுக்கு உதித்தது. மூன்று தலைமுறையாக முதல் பந்தியில் சாப்பிட்டு ஏப்பம் விட்டவர்கள், கடைசிப் பந்திக்கு ஆள் வந்து அமர்ந்ததும், சாப்பாடு உடம்புக்கு ஆகாது என்று இலையை எடுக்கச் சொல்கிறார்கள்.

தன் பிள்ளையை அவர்களில் எவரும் டிகிரி இல்லாமல் விடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஊருக்கு ஸ்கில், வீட்டுக்கு ஸ்டான்ஃபோர்டு.

இப்போது ஏ.ஐ. பூச்சாண்டி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து கோட் எழுதுகிற வேலை போச்சு என்கிறார்கள். அதே வாய் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸில் சேர், வேலை நிச்சயம் என்றும் சொல்கிறது. வேலையைத் தின்கிற பூதத்தின் பெயரில் பாடப்பிரிவு தொடங்கிச் சேர்க்கை நடத்தும் தைரியத்தை மெச்ச வேண்டும். உண்மையில் அந்த மிஷின் முதலில் கை வைத்தது எதில்? புதிதாகச் சேர்ந்த பையனுக்குக் கொடுக்கும் வேலையில். திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான கோட், டெஸ்ட் கேஸ், சின்னச் சின்ன பிழை திருத்தம். எந்தப் பிரிவானாலும் அள்ளிச் சென்று சில மாதத்தில் பழக்கினார்களே, அந்த வேலை. மிஷின் எழுதிக் கொடுத்த கோட் சரியா, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் தாங்குமா, யாராவது உள்ளே புகுந்து திருட வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்கு ஆள் இன்னும் வேண்டும். அதற்கு மெமரி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ், கம்பைலர், கொஞ்சம் கணக்கு. இவை எல்லாம் சிலபஸில் இருக்கின்றன. நான்கு வருடம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் வாழ்நாள் முழுக்கச் சோறு போடும் பாடங்கள். சிலபஸைக் குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதை நடத்த வேண்டியவர் நாமக்கல்லில் இருந்தார்.

ஆகவே, கேட்ட கேள்விக்கு என் பதில் இது, பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கிண்டி, எம்.ஐ.டி., கோவை ஜி.சி.டி., மதுரை தியாகராசர் போன்ற இடங்களின் கட் ஆஃபை எட்டினால் யோசிக்காமல் சேருங்கள். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளே பாதிப் பாடம். அதற்குக் கீழே வந்தால் கணக்குப் போடுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் கல்லூரிவாரியான தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. ஒற்றை இலக்கத்தில் தேர்ச்சி காட்டும் கல்லூரியின் வாசலில் ஏ.ஐ. என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். முதல் தலைமுறைப் பிள்ளை என்றால் அந்தக் காகிதம் கட்டாயம் வேண்டும். மிஷின் கிழிக்காமல் இருக்க வேறு கவசம் உங்கள் வீட்டில் இல்லை. அதை எங்கே மலிவாக வாங்கலாம் என்று பாருங்கள். அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் அறிவித்த ஆன்லைன் பட்டப் படிப்பு இருக்கிறது, சேர்ந்துகொண்டே வேறொன்றும் படிக்கலாம். பாடம் வேண்டுமென்றால் என்.பி.டி.இ.எல். வீடியோக்கள் இலவசமாகக் கிடக்கின்றன, பத்துக் கல்லூரிக்கு ஓடாத பேராசிரியர்கள் நடத்தியவை. தாலிக்கொடியை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ப்பது மட்டும் வேண்டாம். ஐந்து சவரன் சம்பளத்துக்குப் பத்துச் சவரன் கொட்டுவதற்குக் கணக்குப் பாடத்தில் பெயில் ஆகியிருக்க வேண்டும்.

அப்படியும் சேர்க்கத்தான் போகிறீர்கள் என்றால், மஞ்சள் பையோடு தாளாளர் அறைக்குள் போவதற்கு முன், ஒரு நிமிடம் அலுவலகத்தில் நில்லுங்கள். துறை ஆசிரியர்களின் பட்டியலைக் கேளுங்கள். பட்டியலில் ஏதோ ஒரு பெயரில் விரலை வைத்து, “இவரை இப்போ பார்க்கலாமா?” என்று கேளுங்கள். லீவு என்பார்கள். ஆன் ட்யூட்டி என்பார்கள். எக்ஸாம் ட்யூட்டிக்குப் போயிருக்கிறார் என்பார்கள். பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்று சொல்லி அங்கேயே பெஞ்சில் உட்காருங்கள். மற்ற ஒன்பது கல்லூரியையும் முடித்துக்கொண்டு அவர் வந்து சேர எப்படியும் இரண்டு வாரம் ஆகும்.